நாலு விரல் மடிப்பு

அந்த ஊர்ப் பள்ளியில் ஆறே வருடங்களில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் நான்கடி மூன்று அங்குலத்தில் வளர்வதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர்கூட அதற்கு மேல் அரை அங்குலம் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளும் அதே இடத்தில்தான் நின்றார்கள்; ஊர்தான் எண்ணுவதை விட்டுவிட்டது. இதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவரிடம் யாரும் ஓடவில்லை. பெற்றோர்கள் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட கட்டுப்பாடு நம் பள்ளியில் இல்லையே என்று பொறாமைப்பட்டுப் போனார்கள்.

எல்லாம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. புதிதாக வந்த தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அடிக்கோல். ஆள் ஆறடிக்கு மேல். பிறரை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் வாழ்க்கையில் ஒருமுறைகூட வராதவர். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே வருத்தம் பள்ளியின் ஆண்டுப் புகைப்படம். முந்தைய இருபது வருடப் படங்கள் அலுவலக அறையில் வரிசையாக மாட்டியிருந்தன. ஒரு படத்திலும் தலைகள் நேர்கோட்டில் இல்லை. ஒருவன் தென்னை மாதிரி நின்றான், ஒருத்தி அவன் முழங்கைக்குக் கீழே மறைந்துபோயிருந்தாள். "வாயைத் திறந்தா பல்வரிசை மாதிரி இருக்க வேண்டாமா? இது என்ன, விழுந்த பல்லும் முளைச்ச பல்லும்" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார். கூட்டத்தில் இருந்த பெற்றோர் சிரித்தார்கள். ஆமாம் என்றார்கள். இருபது வருடமாக அந்தப் படங்களில் தங்கள் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தவர்கள்தான் அவர்கள். வருடா வருடம் சட்டை குட்டையாகிவிடுவதும் பெரிய தொல்லை என்று ஒரு தாய் எடுத்துக் கொடுத்தாள். அதே கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேர்கிறவர்களிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே அளவுச் சீருடை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே முழுக்கைச் சட்டை, கீழே பையனுக்குக் கால்சட்டை, பெண்ணுக்குப் பாவாடை. உள்ளே மடிப்பு விடக் கூடாது. மடிப்பு விட்டால் துணி தடித்துக் கோணலாகத் தெரியும்.

தைக்கும் பொறுப்பு பள்ளிக்கு எதிர்த் தெருவில் இரண்டு மெஷின் வைத்திருந்த தையல்காரருக்கு வந்தது. அவர் தலைகால் புரியாமல் ஆடினார். 'பள்ளிச் சீருடை அதிகாரப்பூர்வத் தையலகம்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, எழுத்து நேராக இருக்கிறதா என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து மூன்று முறை நடந்து வந்து பார்த்தார். பள்ளிக்குப் போய் நான்கு பிள்ளைகளையாவது நிறுத்தி நடுத்தரமாக ஓர் அளவு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். வெயிலாக இருந்தது. தெருவைக் கடக்க வேண்டும். அவருடைய ஒரே மகள், பதினோரு வயது, அந்த வருடம்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள், துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு. கையை நீட்டு."

"எதுக்குப்பா?"

"எல்லாருக்கும் சேர்த்துத்தான்."

தோள், மார்பு, கை நீளம், மணிக்கட்டு ஐந்து அங்குலம். நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு சோம்பேறி மனிதர் தெருவைக் கடக்காததால் ஓர் ஊரின் தலைமுறை முழுவதும் அவருடைய மகளின் பதினோராவது வயது அளவுக்கு வளர்ந்து நின்றது. இதை இப்போது சொன்னாலும் அந்த ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அது நிபுணர்கள் வகுத்த அளவு என்கிறார்கள்.

தையல்காரரின் மனைவிதான் கடையில் காஜா எடுத்து, பட்டன் வைத்து, கீழ்மடிப்புத் தைப்பவள். அவள் மட்டும் கேட்டாள், "வளர்ற பிள்ளைங்களுக்கு மடிப்பு வைக்காம யாராவது தைப்பாங்களா?" என்று. கேட்டதோடு நிற்காமல் முதலில் தைத்த பத்துச் சட்டைகளில் நாலு விரல் அகலத்துக்கு உள்மடிப்பு வைத்தும் கொடுத்துவிட்டாள். மறுநாளே மருந்துக்கடைக்காரர் வந்து நின்றார். பெற்றோர் சங்கத் தலைவர் அவர். மகனுடைய சட்டையை விரித்துக் காட்டி, "என் பையன் சட்டை மட்டும் ஏன் ஓரத்துல தடிச்சு நிக்குது? அவன் என்ன, மத்தவங்களைவிடத் தனியா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் மீதி ஒன்பது பேரும் வந்தார்கள். அவள் கத்தரியை எடுத்துப் பத்து மடிப்பையும் அவர்கள் கண்ணெதிரிலேயே வெட்டிப் போட்டாள். பிற்காலத்தில் அவள் அதைப் பற்றி ஒருமுறை சொன்னாள். பத்துப் பேரும் வெட்டிய துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம், மேசை துடைக்க.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்தது. குள்ளமாக இருந்தவர்கள் ஆறேழு மாதத்தில் சட்டையை எட்டிப் பிடித்தார்கள். சட்டை சரியாக வந்த அன்று அப்படியே நின்றார்கள். அடுத்த வருடம் வந்த வகுப்பும் நின்றது. அதற்கடுத்த வருடமும். உயரம் மட்டும் நின்றதாக யாரும் நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகள் பாடத்தின் நடுவே ஏன், எப்படி என்று கேட்டு ஆசிரியர்களின் உயிரை வாங்குவார்கள். அதுவும் மெதுவாக ஓய்ந்துபோனது. பன்னிரண்டு வயதில் என்ன கேட்டார்களோ அதோடு சரி. ஆசிரியர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரே பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ஐந்து வருடமும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

மருந்துக்கடைக்காரரின் வீட்டில் ஒரு நாள் மகன் சட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துவிட்டார்கள். சட்டை சுருங்கியது. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன பையன் மாலையில் இரண்டு அங்குலம் குறைந்து திரும்பி வந்தான். சாதாரண வீடாக இருந்தால் அன்று அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். மருந்துக்கடைக்காரரோ கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க பையன் நாம எப்படிச் சொன்னாலும் கேப்பான். இப்பக்கூடப் பாருங்க, ரெண்டு இஞ்ச் இறங்கி வந்துட்டான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். அந்த வாரம் மூன்று வீடுகளில் வெந்நீர் வைத்ததாகப் பேச்சு. வளர்ப்பு என்ற சொல்லை அந்த ஊரில் அந்தக் காலத்தில்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். எங்கள் வளர்ப்பு, எங்கள் வளர்ப்பு என்று மார்தட்டாத வீடு கிடையாது. வளர்ந்த பிள்ளைதான் ஒரு வீட்டிலும் கிடையாது.

ஒரு வீட்டில் மட்டும் இருந்தது. தையல்காரரின் மகள் வளர்ந்துகொண்டே இருந்தாள். மற்றவர்கள் துணியை வெட்டினாளே தவிர, தன் மகளுடைய சீருடைக்கு அந்தத் தாய் நாலு விரல் மடிப்பை உள்ளே தள்ளி, அதே நிற நூலால், வெளியே ஒரு தையல்கூடத் தெரியாமல் தைத்திருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், கணவர் சாப்பிட்டுப் படுத்ததும், நூல் பிரிக்கும் ஊசியை எடுத்து ஒரு நூல் அகலம் பிரித்து விடுவாள். தையல்காரருக்கு இது தெரியாது என்று சொன்னால் அது பொய். துணியைத் தடவினாலே மடிப்பு எத்தனை விரல் என்று சொல்லக்கூடிய கை அது. கண்டும் காணாமல் இருந்தார். மகள் காதளவுக்கு வந்தபோது அவள் பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டார். பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் அவர் சொன்ன புத்திமதி ஒன்று உண்டு.

"முட்டியைக் கொஞ்சம் மடக்கி நில்லும்மா. நாலு பேர் பார்க்கிற இடம்."

அந்தப் பெண் நாலு வருடம் முட்டியை மடக்கியே நின்றாள். வரிசையில், பிரார்த்தனையில், கரும்பலகையில் கணக்குப் போடும்போது, கை கழுவும் குழாயில். பத்தாம் வகுப்பு வந்தபோது ஐந்தடி ஓர் அங்குலம் இருந்தாள். பாவாடை தரையைத் தொடும் அளவுக்கு மடக்கினால்தான் சமாளிக்க முடிந்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "எனக்கு நேரா நிக்கணும்மா. ஒரே ஒரு நாள்" என்று தாயிடம் சொன்னாள். அவ்வளவு சின்ன ஆசைக்கு அந்த ஊரில் இடமில்லை.

ஆண்டுப் புகைப்படம் எடுக்கும் அந்த நாள் அடிக்கோல் ஐயாவுக்கு வாழ்நாள் கனவு நிறைவேறும் நாள். ஆறிலிருந்து பத்து வரை எல்லா வகுப்பும் ஒரே மட்டம். தலைகளின் மேல் பலகை போட்டால் பந்து உருளாது. கேமராவில் கண்ணை வைத்த போட்டோக்காரர் நிமிர்ந்து, "சார், பின்னாடி வரிசையில நாலாவதா ஒரு பொண்ணு நடுங்குது" என்றார். நாலு வருடம் மடங்கிய முட்டி அன்று பார்த்துக் கைவிட்டது. அவள் நிமிர்ந்துவிட்டாள். தலைமையாசிரியர் பின்வரிசைக்கு நடந்து போய் அவளைச் சுற்றி வந்து பார்த்தார். பாவாடையின் அடிப்பகுதியில் வெளுக்காத நீலக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மடிப்பைப் பிரித்துவிட்ட இடத்தில் வெயில் படாத துணி அப்படித்தான் கோடு காட்டும். துவைக்கத் தெரிந்த எவருக்கும் அது தெரியும். அவர் குனிந்து எண்ணினார். நாற்பத்தேழு.

தையல்காரரைக் கத்தரியோடு வரச் சொன்னார்கள். அவர் மனைவி கூப்பிடாமலே கூட வந்தாள். அலுவலக அறையில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. தலைமையாசிரியர், மருந்துக்கடைக்காரர், நடுவில் அந்தப் பெண். மருந்துக்கடைக்காரர்தான் பேச்சைத் தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு நியாயம், தையல்காரர் மகளுக்கு ஒரு நியாயமா என்றார். தலைமையாசிரியர் சத்தம் போடவில்லை. அளவு நோட்டில் உள்ளபடி சீருடையை இப்போதே வெட்டிச் சரிசெய்தால் போதும், நாளைக் காலை படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கனிவாகச் சொன்னார். மறுத்தால் வெளியே தொங்கும் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். வெட்டினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். வெந்நீரில் சுருங்கிய பையனின் தகப்பனார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

தையல்காரர் மகளைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான். முந்நூற்றுச் சொச்சம் சீருடை தைத்த மனிதர், அதில் ஒன்றையாவது ஒரு பிள்ளை போட்டுப் பார்க்கும்வரை நின்றதில்லை. தைத்தார், மடித்தார், கட்டிக் கொடுத்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார். மகளின் இடது கையைத் தூக்கி மணிக்கட்டுப் பட்டியில் கத்தரியை வைத்தார்.

"அப்பா, வலிக்குமா?"

"துணியைத்தானே வெட்டுறேன்."

வெட்டினார். வலிக்கவில்லை என்று அவள் பிறகு சொன்னாள். கூச்சமாக மட்டும் இருந்ததாம். வெட்டிய பட்டி தரையில் விழுவதற்குள் அவள் கட்டியிருந்த கைக்கடிகாரம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை உள்ளே இழுத்துக்கொண்டு, பதினோரு வயதில் இருந்த கையாகிவிட்டது. சுண்டுவிரலில் அந்த வயதில் சைக்கிள் சங்கிலியில் பட்டு ஆறிய தழும்புகூடப் புதிதாகச் சிவந்து தெரிந்தது. அலுவலக அறையில் இருந்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அளவு சரியாக வந்திருந்தது.

தையல்காரர் குனிந்து கைக்கடிகாரத்தை எடுத்தார். அதை மறுபடி கட்டிவிடப் பார்த்தார். கடைசித் துளையில் மாட்டியும் அது நிற்கவில்லை. மூன்று முறை கட்டினார். மூன்றாவது முறை அவர் முகம் எப்படி ஆனது என்பதை விவரிக்க இந்தக் கதைக்கு விருப்பமில்லை. அவருக்கு அது முன்பே ஆகியிருக்க வேண்டும். கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்னால முடியாது சார். பலகையைக் கழட்டிக்குங்க" என்றார்.

"அப்ப நான் வேற ஆளை வெச்சு வெட்டிக்கிறேன்" என்று தலைமையாசிரியர் கத்தரிக்குக் கை நீட்டினார். அதற்குள் தாய் இடுப்பில் செருகியிருந்த நூல் பிரிக்கும் ஊசியை எடுத்துவிட்டாள். மாதம் ஒரு நூல் என்று நாலு வருடம் பயந்து பயந்து பிரித்தவள், அன்று வலது கைப் பட்டியையும் பாவாடையையும் ஒரே மூச்சில் சுற்றிப் பிரித்தாள். மடிப்பு முழுவதும் இறங்கியது. பெண் நிமிர்ந்தாள். அங்கே எல்லாரும் அவள் தலை கூரையில் முட்டும் என்று மிரண்டுபோய் மேலே பார்த்தார்கள். ஐந்தடி ஐந்து அங்குலத்தில் நின்றாள். அவ்வளவுதான் அவள் உயரம். உலகத்தில் எந்தத் தெருவிலும் யாரும் திரும்பிப் பார்க்காத உயரம். அதற்குத்தான் இத்தனை அமர்க்களம்.

பள்ளி அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியது. விலகும் காரணம் என்ற கட்டத்தில் தலைமையாசிரியர் தன் கையால் 'வளர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் பேருந்து ஏறிப் பக்கத்து ஊரில் படித்தாள். சீருடை வெளியூர் ஆலையிலிருந்து ஆயத்தமாக வர ஆரம்பித்தது, அதே அளவில், அதே மடிப்பில்லாமல். தையல்காரர் அதன்பிறகு மனிதர்களுக்குத் தைக்கவேயில்லை. திரைச்சீலையும் தலையணை உறையும் மட்டும்தான். ஜன்னல் வளராது என்று அவருக்கு நம்பிக்கை.

வருடங்கள் போயின. நான்கடி மூன்று அங்குலக்காரர்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், ஊரை ஏற்று நடத்தினார்கள். தபால் அலுவலகத்தின் கவுண்டரைத் தாழ்த்தினார்கள். ஊரிலுள்ள நாற்காலிகளின் கால்களையெல்லாம் அறுத்துக் கொடுத்துத் தச்சர் மாடிவீடு கட்டினார். மாடிக்கு மேல் கூரை ஐந்தடிதான். ஓய்வு பெற்ற அடிக்கோல் ஐயா அந்த ஊரிலேயே தங்கினார். எந்த வாசலிலும் நிமிர்ந்து நுழைய முடியாமல் முதுகு வளைந்துபோனது. அந்த வளைவைப் பணிவு என்று ஊர் பாராட்டியது. அவர் மறுக்கவில்லை. பேருந்தை மட்டும் உள்ளூர்க்காரர்கள் ஓட்ட முடியவில்லை, காலுக்கு பிரேக் எட்டாது. ஓட்டுநர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். ஊருக்கு வெளியே போகும் வண்டியை வெளியாள் ஓட்டுவதில் யாருக்கும் வருத்தமில்லை, போகிறவர்கள்தான் குறைவு.

மருந்துக்கடைக்காரரின் மகன் இப்போது பெற்றோர் சங்கத் தலைவர், நான்கடி ஓர் அங்குலம். மடிப்புக் கூடாது என்ற விதியில் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவர் அவர். ஒரு நாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய புதுச் சீருடையோடு தையல்காரரின் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்.

"அம்மா, ஒரு நாலு விரல் உள்ள மடிச்சு வெச்சுக் குடுங்க. வெளிய தெரியக் கூடாது."

"வெச்சுத் தரேன் தம்பி. மாசா மாசம் பிரிக்கிறது யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல உள்ள இருக்கட்டும்."

அவர் மட்டுமல்ல, அந்த ஊரில் பாதிப் பேர் அப்படி வந்துபோயிருக்கிறார்கள். முன்வாசலில் விதி, பின்வாசலில் மடிப்பு. உள்ளே வைத்துக்கொண்டு பிரிக்காமலே கிழியவிட்ட சீருடைகள் அந்த ஊரில் ஏராளம். அதனால் அந்தத் தாய் ஒரு வழி செய்துவைத்திருக்கிறாள். மடிப்பைச் சங்கிலித் தையலாகப் போடுகிறாள். நுனியை இழுத்தால் வரிசையாகப் பிரிந்துவிடும். தகப்பன் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரம் பார்த்து, அந்தச் சின்னப் பெண்ணின் விரலைப் பிடித்து நூல் நுனியில் வைத்து, "இங்க இருக்கு. உங்கப்பாவைக் கேக்காதே" என்றாள். பெண் தலையாட்டினாள். அவள் இழுத்தாளா என்பது இனிமேல்தான் தெரியும்.

தையல்காரரின் மகள் அந்தப் பள்ளிக்கு அடுத்திருக்கும் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிறாள். இன்ஜினுக்குள் யார் கையும் நுழையாத சந்தில் ஒரு போல்ட் விழுந்தால், "சின்னக்கையைக் கூப்பிடு" என்பார்கள். அவள் வந்து இடது கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒருத்திக்கு ஒரு கை பெரியது, ஒரு கை சிறியது, அவ்வளவுதான். மாலையில் பார்வை மங்கிய தகப்பனார் அவளோடு வீடு திரும்பப் பணிமனை வாசலில் வந்து நிற்பார். தெருவைக் கடக்க அவள் அருகிலிருக்கும் வலது கையை நீட்டுவாள். அவர் அதை விட்டுவிட்டு, கம்பத்தைத் தடவிக்கொண்டு அவளைச் சுற்றி வந்து, இடது பக்கம் நின்று அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொள்வார். மணிக்கட்டு ஐந்து அங்குலம். ஒரு காலத்தில் வெயில் என்று கடக்காமல் விட்ட தெருவை அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் கடக்கிறார்.